பதினான்காம் கேள்விக்கு ஒரு பதில்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

திங்கட்கிழமை காலை பத்து மணி முதல் ஆணையம் சட்டப்படி உயிரோடு இருக்கிறது. வதந்தி இல்லை. அரசிதழின் நாற்பத்தோராம் பக்கம் என் மேசையில் கிடக்கிறது, மை இன்னும் விரலில் ஒட்டுகிறது. ஆகவே இனி மருந்தாளுநர்களுக்கு உரிமம் தருவதும் எடுப்பதும் உங்கள் சங்கத்தின் வேலை இல்லை. இதுவரை உங்களுக்காக வாதாடியதும் அவர்கள்தான், உங்களை விசாரித்ததும் அவர்கள்தான். இனி வாதாடுவது மட்டும் அவர்களுக்கு. விசாரணை எங்களுக்கு. உறுப்பினர்கள் மூன்று பேர்: ஓய்வு பெற்ற பெண் நீதிபதி ஒருவர் தலைவி, ஒரு மருந்தாளுநர், பொதுமக்கள் சார்பில் ஒரு பள்ளி ஆசிரியர்.

பத்தொன்பது வருடம் நீதிமன்றத்தின் பழைய கோப்புக் கட்டுகளோடு வாழ்ந்த உன் தம்பி இப்போது ஆணையத்தின் பதிவேட்டு அதிகாரி. பட்டம் பெரியது. அலுவலகத்தைக் கேட்டால் சிரிப்பாய். புதுக் கட்டடம் முடியவில்லை என்று நகராட்சியின் பழைய நீச்சல் குளத்தை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் வடித்த குளத்துக்குள்தான் பதிவு அட்டைகள். மொத்தம் 11,862. பழையவை ஆழமான பக்கத்தில், புதியவை படிக்கட்டு ஓரத்தில். நீல ஓடுகளும் கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் வெயிலும் சேர்ந்து, பத்து மணிக்குமேல் தண்ணீருக்கு அடியில் நடப்பது போலவே இருக்கிறது. நேற்று உன் அட்டையைப் பார்த்தேன். நான்கடி ஆழத்தில் இருக்கிறாய்.

எல்லாரும் மார்ச் 31க்குள் புதுப் படிவம் அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்களின் பெயர் தானாக உதிர்ந்துவிடும். படிவத்தில் பதினான்காம் கேள்வி நான் எழுதியது. வக்கீல்கள் பதினோரு வரி எழுதிக் கொடுத்தார்கள், நான் இரண்டாகக் குறைத்தேன்: “கடந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் கொடுத்த மருந்தில் தவறு நேர்ந்ததா? நேர்ந்திருந்தால், உரியவரிடம் அதைச் சொன்னீர்களா?” தலைவி படித்துவிட்டு, “இது போதும்” என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய பாராட்டு.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமாவைக் கேட்டதாகச் சொல். குளத்து ஈரத்தில் எனக்கு லேசாக இருமல், வேறொன்றும் இல்லை.

உன் அன்புத் தம்பி


ஜனவரி 17

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது,

இங்கே எல்லாரும் சௌக்கியம். முழங்கால் படியேறும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்லிக்கொள்கிறது. உன் கடிதத்தை மாமாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். “உன் தம்பி பக்க எண் போடாம பெருமூச்சுகூட விடமாட்டான்” என்றார். குளத்தின் அடியில் வேலை பார்க்கும் அதிகாரி குடும்பத்திலேயே நீ ஒருவன்தான், வாழ்த்துகள். இருமலுக்கு நீயாக எதையும் வாங்கிக் குடிக்காதே. வெந்நீரும் தேனும் போதும். பத்து நாளில் போகாவிட்டால் டாக்டரிடம் காட்டு.

ஏரியிலிருந்து எழும் பனி இந்த வருடம் காலை ஒன்பது மணி வரை தெருவை விடுவதில்லை. கடைக் கதவைத் திறந்தால் எதிர்க்கடை தெரியாது. குரல் முதலில் வருகிறது, ஆள் பிறகு வருகிறார். பஸ் வந்து நிற்பதைக்கூடச் சத்தத்தால்தான் அறிகிறேன். டிசம்பர் முதல் பஸ் நேரத்தை மாற்றிவிட்டார்கள். ஐந்து மணி வண்டி இப்போது நாலே காலுக்கு வருகிறது. ஊரே முக்கால் மணி நேரம் இடம் பெயர்ந்த மாதிரி இருக்கிறது.

நீ வந்து ஐந்து வருடம் ஆயிற்று, அதனால் என் அலமாரியை நீ பார்த்ததில்லை. வாடிக்கையாக வாங்குபவர்களின் மாத்திரையை முன்கூட்டியே எண்ணிக் காகித உறையில் போட்டு வைப்பேன். உறையில் பெயர் எழுதுவதில்லை. யாருக்கு என்ன நோய் என்று வரிசையில் நிற்பவர்கள் படிப்பது யாருக்குப் பிடிக்கும்? பதிலாக, அவரவர் வழக்கமாக வரும் நேரத்துக்கு ஓர் அறை. நாற்பத்தெட்டு அறைகள். ஆறு மணிக்கு ரொட்டிக்கடைக்காரர், எட்டரைக்குப் பள்ளிக்கூட வாட்ச்மேன், இப்படியே. யாரும் வாய் திறக்கத் தேவையில்லை. மணியைப் பார்ப்பேன், கை போகும். ஊர் முழுதும் ஒரு கடிகாரமாகி என் சுவரில் தொங்குவதாக நினைத்துக்கொள்வேன்.

அதைப் போன மாதம் பிரித்துவிட்டேன். தூசி அதிகம். இப்போது எல்லாம் பெயர் எழுதின டப்பாக்கள்.

படிவம் வந்தது. மேசைமேல் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மாலை வரை வந்த படிவங்கள் 2,318. தபால் பிரிவு அம்மா எண்ணியது, நான் ஒருமுறை சரிபார்த்தது. இருமல் போய்விட்டது, தேன் தீர்ந்துவிட்டது.

இங்கே நாள்கள் வினோதமாக நகர்கின்றன. குளத்தின் ஒரு மூலையில் பேசினால் மறுமூலையில் அந்தப் பேச்சு கொஞ்சம் தாமதமாக, வேறு யாரோ பேசியது போல வந்து சேர்கிறது. தலைவி இதைக் கண்டுபிடித்துவிட்டார். யாராவது கோபமாகப் பேச ஆரம்பித்தால், “ஆழத்துக்குப் போய்ப் பேசுங்க, திரும்பி வர்றப்ப நீங்களே கேட்டுக்கலாம்” என்கிறார். போன வாரம் சங்கத்தின் செயலாளர் வந்து ஏணியில் நின்றபடியே கத்தினார்: “எங்க ஆளுங்கள நாங்க பாத்துக்க மாட்டோமா? நூறு வருஷமா பாத்துக்கலையா?” அவர் குரல் மூன்று முறை சுற்றி வந்தது. கடைசியில் அவரே, “சரி, நாற்காலி இருந்தா போடுங்க” என்று இறங்கி உட்கார்ந்தார்.

அந்த அலமாரியை ஏன் பிரித்தாய்? நான் கேள்விப்பட்டதிலேயே அழகான ஏற்பாடு அது. தூசி என்றால் துடைத்திருக்கலாமே.

உன் படிவம் இன்னும் வரவில்லை. தம்பி அங்கே இருக்கிறான், பின்வாசல் வழியாகக் கொடுக்கலாம் என்று இருந்துவிடாதே. பின்வாசலில் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது, நிஜமாகவே.

மாமாவுக்கு என் அன்பு.

தம்பி


பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே எழுதவில்லை, மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. பனிக்காலம் என்றால் எனக்கு எழுதவேண்டியதெல்லாம் தலைக்குள்ளேயே எழுதி முடிந்துவிடுகிறது, காகிதத்துக்கு வருவதில்லை.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். எங்கள் வழித்தடத்து பஸ் டிரைவரை ஊரில் “ஹாரன்” என்பார்கள், அவர் ஹாரனே அடிப்பதில்லை என்பதால். ரத்த அழுத்தத்துக்கு ஆறு வருடமாக என்னிடம்தான் மாத்திரை. காலையில் ஒன்று போட்டுக்கொண்டு வண்டி எடுப்பார். டிசம்பரில் மூன்று நாள் அவருக்கு உலகமே மாறிப்போயிற்றாம். கடையில் நின்று எல்லாருக்கும் சொல்கிறார்: “ரோடு ஆறு மாதிரி ஓடுதும்மா. நான் ஓட்டல, அதுவா என்னைக் கூட்டிட்டுப் போகுது. மரமெல்லாம் ஓரமா ஒதுங்கி வழி விடுது. கடைசி ஸ்டாப்புல வண்டிய நிறுத்திட்டுக் கண்ண மூடினேன், கண்டக்டர் வந்து எழுப்பறப்ப முப்பது பேரு ஜன்னல்ல நின்னு சிரிக்கறாங்க.” அப்புறம் தானாகவே சரியாகிவிட்டதாம். பனி மூக்குக்குள் போயிருக்கும் என்கிறார். ஒவ்வொரு தடவையும் கதையில் ஒரு மரம் கூடுகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். மார்ச் 31க்குள் ஒருவர் படிவம் அனுப்பாமலே விட்டுவிட்டால், ஏன் அனுப்பவில்லை என்று ஆணையம் கேட்குமா? வயதாகிவிட்டது, கடையை மூடுகிறேன் என்று சும்மா இருந்துவிடலாம் இல்லையா? பொதுவாகத்தான் கேட்கிறேன்.

சூடாகச் சாப்பிடு. ஈரத்தில் வெறுங்காலோடு நடக்காதே.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில். சட்டத்தின் ஏழாம் பிரிவுப்படி, படிவம் அனுப்பாதவரின் பெயர் ஏப்ரல் முதல் தேதி பதிவேட்டிலிருந்து நீங்கும். காரணம் கேட்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை. ஆகவே யாரும் கேட்கமாட்டார்கள்.

உனக்கு ஐம்பத்திரண்டு வயது. நீ எதற்கு இதைப் பொதுவாகக் கேட்கிறாய்?

நேற்று வரை 7,904 படிவங்கள். அத்தனையிலும் பதினான்காம் கேள்விக்குப் பதில் “இல்லை”. சிலர் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார்கள். ஒருவர் “கடவுள் அருளால் இல்லை” என்கிறார். கணக்கைத் தலைவியிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “எட்டாயிரம் பேர், ரெண்டு வருஷம், கோடிக்கணக்கான மாத்திரை. ஒருத்தர் கைகூடத் தவறலையா? அப்ப நம்மள எதுக்கு இங்க உக்கார வச்சிருக்காங்க?” என்றார். மருந்தாளுநர் உறுப்பினர் தரையைப் பார்த்தார். ஆசிரியர் மட்டும் சொன்னார்: “என் வகுப்புல யார் ஜன்னல உடைச்சதுன்னு கேட்டாலும் இதே விடைதான் மேடம்.”

முதலில் “ஆம்” என்று எழுதுபவரின் நிலைமை எளிதாக இருக்காது. எல்லாருடைய கண்ணும் அந்த ஒருவர்மேல் இருக்கும்.

டிரைவர் கதையை இரண்டு முறை படித்தேன். உனக்குச் சிரிப்பு வந்ததாக எழுதியிருக்கிறாய். எனக்கு வரவில்லை.

இன்னொரு படிவம் இணைத்திருக்கிறேன், பழையதில் ஏதாவது சிந்தியிருந்தால் உதவும்.

தம்பி


மார்ச் 6

தம்பி,

நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும்.

டிசம்பர் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. பனி அன்று மதியமே இறங்கிவிட்டது. நாலே காலுக்குக் கதவு திறந்தது. நாலே கால் என்றால் பைண்டிங் அம்மா, புத்தகம் கட்டுகிறவர். அவருக்குத் தூக்க மாத்திரை. வாசலில் ஓர் உருவம், நான் மணியைப் பார்த்தேன், கை அந்த அறைக்குப் போனது, உறையைக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசாமலிருப்பதுதான் என் கடையின் பெருமை. வந்தது டிரைவர். பஸ் நேரம் மாறியதால் ஐந்து மணிக்கு வருபவர் நாலே காலுக்கு வந்திருக்கிறார். பைண்டிங் அம்மா ஏதோ வேலை முடித்து ஐந்துக்கு வந்தார். ஐந்து மணி அறையில் இருந்ததை அவருக்குக் கொடுத்தேன்.

இரண்டும் சின்ன வெள்ளை மாத்திரை. உறையில் “இரவு ஒன்று” என்று எழுதியிருந்தேன். ஆறு வருடமாகக் காலையில் போடுபவர் உறையை எதற்குப் படிக்கப்போகிறார்? சனி, ஞாயிறு, திங்கள், மூன்று காலையும் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு பஸ் ஓட்டினார்.

திங்கள் மதியம் பைண்டிங் அம்மா வந்து, “என்ன மாத்திரை குடுத்தே? கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருக்கேன், எழுந்தா தலை சுத்துது” என்றார். உறையைத் திறந்து பார்த்தேன். மாற்றிக் கொடுத்தேன். பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன், இந்த முழங்காலோடு. டிரைவரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? “அண்ணே, கம்பெனியில அந்த மாத்திரைய திரும்பக் கேக்கறாங்க, புதுசு தரேன்.” அவர், “நீங்க ஓடி வரணுமாம்மா, சொல்லி அனுப்பினா நான் வரமாட்டேனா” என்று உறையைக் கையில் வைத்தார். பைண்டிங் அம்மாவிடமும் அதே கம்பெனிக் கதைதான்.

தவறு கைக்கு நேர்ந்தது, தம்பி. பொய்யை நான் யோசித்துச் சொன்னேன். பஸ் நிறுத்தம் வரை ஓடிய நூறு அடியில் அந்த வாக்கியத்தைத் தயார் செய்தேன். உன் இரண்டாவது வரி அங்கேதான் என்னைப் பிடிக்கிறது.

மாமாவுக்குத் தெரியாது. படிவம் அனுப்பியாச்சா என்று கேட்டார், ஆச்சு என்றேன். சில நாள் மத்தியானம் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் சொருகும்போது, பஸ் ஒன்று ஏரியின்மேல் போவதைப் பார்க்கிறேன். உள்ளே எல்லாரும் தூங்குகிறார்கள். மூழ்குவதில்லை, கரைக்கும் வருவதில்லை, போய்க்கொண்டே இருக்கிறது.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

பதின்மூன்று நாள் பதில் எழுதவில்லை. உடம்பு சரியில்லை என்று எழுத நினைத்தேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

உன் கடிதத்தை நான்கடி ஆழத்தில், உன் அட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். அதன்பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். தலைவியிடம் போய், பதினான்காம் கேள்வியை எடுத்துவிடலாம், பலர் அதனால் தயங்குவது போலத் தெரிகிறது என்றேன். “நீங்க எழுதின கேள்வி அது. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் தயங்கறாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஆகவே நம் வீட்டில் இப்போது இரண்டு பேர்.

நேற்று வரை 11,207 படிவங்கள். எல்லாம் “இல்லை”. அந்தப் பதினோராயிரம் பேரில் உன்னைவிடப் பெரிய தவறு செய்தவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். இதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டிரைவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். அலமாரியைப் பிரித்துவிட்டாய். இனி அது நடக்காது. முதல் ஆளாக நீ போய் நின்றால், புது ஆணையம் தன் பலத்தைக் காட்ட உன்னைத்தான் பயன்படுத்தும். அப்படி ஒரு பேச்சு இங்கே இருக்கிறது. உரிமம் போனால் திரும்பாது. முப்பது வருடம், அக்கா.

“இல்லை” என்று எழுதிவிடு. மூன்று எழுத்துதான். கேள்வியை எழுதியவனே சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 25

அன்புத் தம்பிக்கு,

நலமே. உன் கடிதத்தைப் படித்தேன், கிழித்துவிட்டேன். கோபத்தில் இல்லை. நாளைக்கு அது உன்னைப் பிடித்துக்கொடுக்கக் கூடாது. சின்ன வயதில் நான் உடைத்ததற்கெல்லாம் நீ அடி வாங்கப் போய் நிற்பாய், நினைவிருக்கிறதா? இந்த வயதில் வேண்டாம்.

புதன்கிழமை கடையை மூடிவிட்டு டிரைவரின் பஸ்ஸில் ஏறினேன். பின்சீட்டில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போனேன். பனி முடிந்துவிட்டது. ஆனாலும் அந்தச் சாலையில் எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. வளைவுகள், பாலம், ஏரியில் வெயில். இந்த வழியில்தான் அவர் மூன்று நாள் ஆற்றில் போனார் என்று எண்ணிக்கொண்டே போனேன். எல்லாரும் இறங்கியதும் முன்னால் போய் நின்று சொன்னேன். மணி, அறை, உறை, கம்பெனிப் பொய், எல்லாவற்றையும்.

அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. “அந்தத் திங்கக்கெழம என் பொண்ணு வண்டில இருந்தா. காலேஜுக்கு. மொத சீட்டு” என்றார்.

நான் அந்த முதல் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

“இத எதுக்கு இப்ப சொல்றீங்க?”

“ஆணையத்துல இருந்து படிவம் வந்துச்சு அண்ணே. அதுல கேட்டிருக்காங்க.”

“படிவம் வரலேன்னா?”

தம்பி, முப்பது வருடத்தில் எந்தக் கேள்விக்கும் எனக்குப் பதில் இல்லாமல் போனதில்லை. எந்த மருந்துக்கு எது ஆகாது, எதைச் சாப்பாட்டுக்கு முன் போடணும், எல்லாம் சொல்வேன். இதற்குச் சொல்ல முடியவில்லை. அவர் வண்டியைத் திருப்பினார். திரும்பி வரும்போது நான் ஒருத்திதான் பயணி. கடை வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தார். “எறங்குங்கம்மா” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

பைண்டிங் அம்மாவிடமும் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, “அடிப்பாவி! எனக்குப் புத்தி கலங்கிப்போச்சுன்னு டாக்டர்கிட்ட போய் அழுதுட்டு வந்தேனே! அவரும் இந்த வயசுல அப்படித்தான்னாரு. உங்க ரெண்டு பேரையும் சேத்து வச்சுத் தைக்கணும்” என்று திட்டித் தீர்த்தார். திட்டு வாங்குவது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாமாவிடமும் சொல்லிவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, “தபால் ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடிடுவான், கிளம்பு” என்று செருப்பை எடுத்து வைத்தார்.

படிவம் ஆணையத்தின் முகவரிக்குப் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. பதினான்காம் கேள்விக்கு: “ஆம். அப்போது சொல்லவில்லை, பொய் சொன்னேன். மார்ச் 23 அன்று சொன்னேன்.”

நீ உன்னுடையதைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் படிவம் மார்ச் 29, காலை பத்து நாற்பதுக்கு வந்தது. பதிவு எண் 11,790. தபால் பிரிவு அம்மா பிரித்துப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். எதற்கு நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை. “ஒண்ணு வந்திருக்கு” என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை குளத்தைச் சுற்றி வந்தது.

நான் தலைவியின் அறைக்குப் போய், இது என் அக்கா, நீங்கள் அன்று கேட்டபோது நான் பொய் சொன்னேன் என்றேன். அவர் பேனாவை மூடினார். “என்னைக்குக் கேட்டேன்?” “மார்ச் பதினேழு.” “பன்னெண்டு நாள். உங்க அக்காவுக்கு மூணு மாசம் ஆச்சு. உங்க குடும்பத்துல வேகம் கூடுது” என்றார். சிரிக்கவில்லை. உன் கோப்பிலிருந்து என்னை விலக்கிவிட்டார். பதிவேட்டு அதிகாரி பதவியும் இப்போதைக்கு இல்லை. தபால் பிரிவில் உட்கார்கிறேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் கோப்பில் ஏறியிருக்கிறது. நியாயமானது, ஒரு வரிகூட அதிகமில்லை.

தீர்ப்பு வரும்வரை உன் பெயர் பதிவேட்டில் இருக்கும், கடை நடக்கலாம். ஆனால் விசாரணை நிலுவையில் இருக்கிறது என்ற அறிவிப்பைக் கடை வாசலில் ஒட்டவேண்டும். இதே அறிவிப்பு ஆணையத்தின் வாசலிலும் எல்லாச் சங்கக் கிளைகளிலும் ஒட்டப்படும். இதற்குமேல் உன் விஷயம் பற்றி நான் எழுதக்கூடாது. இந்தக் கடிதத்தையும் தலைவி படித்த பிறகே ஒட்டுகிறேன். “உடம்பைப் பாத்துக்கச் சொல்லி எழுதலையே” என்கிறார். எழுதுகிறேன்: உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கும், படிப்பதானால் தலைவி அம்மாவுக்கும்,

வணக்கம். முழங்கால் பரவாயில்லை. பதவி போனது என்னால். அதை எழுதாமல் இருக்க முடியாது, எழுதினாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அறிவிப்பை வாசலில் கண்ணுக்கு நேராக ஒட்டினேன். முதல் வாரம் பாதிப் பேர் வரவில்லை. தாண்டிப் போகும்போது தெருவின் மறுபக்கம் நடந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் வந்து முழுதையும் நின்று படித்துவிட்டு, “எம் பேரு என்னன்னு சொல்லுங்க, அப்பத்தான் மாத்திரை வாங்குவேன்” என்றார். சொன்னேன். “அப்பா பேரு?” என்றார். இப்போது எல்லாரும் இதை ஒரு விளையாட்டாக்கிவிட்டார்கள். கடையில் ஒரே பேச்சு. யாரும் வாய் திறக்காமல் வாங்கிப்போன கடையா இது என்றிருக்கிறது. ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக் கொடுக்கிறேன். முப்பது வருடம் மருந்து கொடுத்த ஊரில் பலருடைய கண்ணின் நிறம் எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

டிரைவர் வரவில்லை. மாத்திரையை அடுத்த ஊரில் வாங்குகிறார் என்று கண்டக்டர் சொன்னார். விடாமல் போட்டுக்கொள்கிறாரா என்று மட்டும் கேட்டேன். போடுகிறாராம். கதை சொல்வதை நிறுத்திவிட்டாராம்.

29ஆம் தேதி விசாரணைக்கு வருகிறேன். நீ கண்ணில் படக்கூடாது என்றால் படாதே.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாக ஊர் சேர்ந்ததை மாமாவின் தந்தி சொன்னது. இங்கே நான் நலம்.

இனி எழுதுவது எல்லாம் ஆணையம் வெளியிட்ட விசாரணைக் குறிப்பில் உள்ளது, யாரும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். அன்று நான் தபால் பிரிவில் இருந்தேன், கதவு சாத்தியிருந்தது. நீ பேசியதன் ஓசை மட்டும் நீருக்குள்ளிருந்து வருவது போல வந்தது, சொல் புரியவில்லை. சங்கத்தின் வக்கீல் உனக்காக வாதாடினார் என்று குறிப்பு சொல்கிறது. நீ நடுவில் எழுந்து, “பனி காரணம் இல்லைங்க, நான் முகத்தைப் பாக்கல” என்று அவரைத் திருத்தியதும் இருக்கிறது.

டிரைவர் வந்ததை நீ எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். யாரும் அழைப்பு அனுப்பவில்லை. இரண்டு பஸ் மாறி, தானாக வந்திருக்கிறார். பள்ளி ஆசிரியர் கேட்டது: “இந்த அம்மாவ என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?” அவர் பதில், குறிப்பின் ஒன்பதாம் பக்கம்: “லைசென்ஸ எடுங்கன்னும் சொல்லல. விடுங்கன்னும் சொல்லல. எனக்கு இன்னும் கோவம் போகல. ஆனா இவங்க ஒருத்தர்தான் வந்து சொன்னாங்க. நாளைக்கு வேற ஒரு கடையில இப்படி ஆனா, அன்னைக்கே சொல்லணும், மூணு மாசம் கழிச்சு இல்ல. அதுக்கு எது வழியோ அதப் பண்ணுங்க.” மூன்று உறுப்பினர்களும் பேனாவைக் கீழே வைத்தார்கள் என்று சுருக்கெழுத்தர் எழுதியிருக்கிறார். அப்படியெல்லாம் எழுதும் வழக்கம் இல்லை.

உறுதியாகத் தெரிந்தது இன்னும் ஒன்று உண்டு. உன் அறிவிப்பு கிளைகளில் ஒட்டப்பட்ட பிறகு, தாங்கள் அனுப்பிய படிவத்தைத் திருப்பித் தரும்படி, பதினான்காம் கேள்விக்கு வேறு பதில் எழுதவேண்டியிருக்கிறது என்று, ஆணையத்துக்குக் கடிதம் வரத் தொடங்கியிருக்கிறது. நேற்று மாலை ஐந்து மணி வரை நாற்பத்தொன்று. உறைகளைப் பிரித்து எண்ணியது நான்தான், இப்போது அதுதானே என் வேலை. ஒருவர் “கடவுள் அருளால்” என்று எழுதியவர். எல்லாக் கடிதங்களும் ஒன்றையே கேட்கின்றன: அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று?

படிவங்களைத் திருப்பித் தரலாமா என்பது முடிவாகவில்லை. உன் தீர்ப்பு வந்த பிறகே அதை எடுப்பதாகத் தலைவி சொல்லியிருக்கிறார். தீர்ப்பு மே 17, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு.

தம்பி